மல்லாக்கக் கிடக்குதே, செத்துப்போச்சா? டாரன்டுலா சிலந்தி தோலுரிக்கும் கதை

மெக்சிகோவின் சிவப்பு முட்டி டாரன்டுலா திடீரென இரை எடுப்பதை நிறுத்தும். பிறகு மல்லாக்கப் படுத்துவிடும். ‘அவ்ளோதான், போச்சு’ என்று நினைப்போம். உண்மையில் அது வளரத் தயாராகிறது!

சிலந்திக்கு வெளி ஓடுதான் எலும்புக்கூடு. அது உடம்போடு சேர்ந்து பெரிதாகாது. உள்ளே புது ஓடு உருவானதும் பழசைக் கழற்றியே ஆகணும். இழந்த கால்கூட அடுத்தடுத்த தோலுரிப்புகளில் மறுபடி முளைக்கும்.

ஆபத்தும் அப்போதுதான். புது ஓடும் விஷப்பற்களும் இறுக சில நாள்கள் ஆகும். அதுவரை, தீனியாகப் போட்ட பூச்சியே சிலந்தியைக் கடித்துக் கொன்றுவிடலாம்.

குட்டிகள் ஆண்டுக்குப் பலமுறை தோலுரிக்கும். வளர்ந்த பெண்ணுக்கு ஆண்டுக்கு ஒருமுறையோ அதைவிடக் குறைவாகவோதான். பெண் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும்.

ஆணின் கதை வேறு. பருவமடையும் தோலுரிப்பே பெரும்பாலும் அதற்குக் கடைசி. முன்கால்களில் கொக்கிகள் வந்துவிடும். இணை சேரும்போது பெண்ணின் பற்களைத் தடுத்துப் பிடிக்க அவைதான் உதவும். பிறகு வளையை விட்டுத் துணை தேடி அலையும். அதிக காலம் உயிரோடு இருக்காது.

செத்த சிலந்தி பெரும்பாலும் கால்களை அடியில் மடக்கிக் குப்புறத்தான் கிடக்கும். மல்லாக்கக் கிடந்தால் தொடாதீங்க, தீனியும் போடாதீங்க. காத்திருங்க!