வட்டுக்குள் ஒரு பந்தி

மகளின் கல்யாணத்தில் வீடியோக்காரர் எடுத்த படமும், உறவினர்கள் கைப்பேசியில் பிடித்த துண்டுகளும், மகளின் சிறுபிராயத்தில் பழைய கேமராவில் எடுத்த பிறந்தநாள் காட்சியுமாக, மூன்று மணி நேரம் ஓடக்கூடிய கோப்புகளை ஒரு டிவிடியில் நகலெடுத்து, ஊரிலுள்ள தாயார் வீட்டு ப்ளேயரில் போட்டபோது, அது சிறிது நேரம் சுழன்றுவிட்டு வாசிக்க மறுத்துவிட்டதென்றும், கணினியில் ஒழுங்காகத் திறக்கும் கோப்புகள் அங்கே ஏன் ஓடவில்லையென்றும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பழைய டிவிடி ப்ளேயர்களுள் பல ஒரே ஒரு சம்பிரதாயத்தைத்தான் அறியும். 'வீடியோ டிஎஸ்' என்ற அடைவு வட்டில் இருக்க வேண்டும். அதனுள் எந்தக் காட்சி எங்கே தொடங்குகிறது என்ற விலாசங்களைத் தாங்கிய 'ஐஎஃப்ஓ' கோப்புகளும், படமும் ஒலியும் பின்னிக் கிடக்கும் 'விஓபி' கோப்புகளும் இருக்க வேண்டும். படம் எம்பெக்-2 முறையில், நம் நாட்டின் 'பால்' (PAL) ஒளிபரப்பு வழக்கப்படி 720-க்கு 576 புள்ளிகளாய், விநாடிக்கு 25 சட்டங்களாய் (ஃப்ரேம்களாய்) அமைந்திருக்க வேண்டும். கைப்பேசியின் கோப்பு இவற்றுள் ஒன்றுக்கும் உடன்படாது. ஆகையால் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரித்து, அளவை மாற்றி, மறுபடியும் எம்பெக்-2 ஆகச் சுருக்கித்தான் வட்டில் ஏற்றவேண்டும். இந்தச் சுருக்கும் காரியத்தில்தான் என் மனத்தை எப்போதும் கவரும் யுக்தி ஒன்று அடங்கியிருக்கிறது.

சுருக்காமல் வைத்தால் ஒரு சட்டத்துக்கு 6,22,080 பைட் வேண்டும். அந்தக் கணக்கில் 4.7 கிகாபைட் கொண்ட வட்டு முழுவதும் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்துபோகும். அதே வட்டில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டுமாயின் விநாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்தான் கிடைக்கும். அதாவது ஒரு சட்டத்துக்குச் சராசரியாக 25 கிலோபைட். ஆனால் சராசரி என்பது கணக்குக்கு உதவுமேயன்றிக் கண்ணுக்கு உதவாது. ஏனெனில் எல்லாச் சட்டங்களுக்கும் ஒரே பசி இல்லை.

இதைக் கல்யாணப் பந்தியாக நினைத்துப் பாருங்கள். வட்டின் கொள்ளளவுதான் உக்கிராணம். அதில் உள்ளதற்குமேல் ஒரு படி அரிசி கிடையாது. விநாடிக்கு 25 இலைகள் விழுகின்றன. ஒவ்வொரு சட்டமும் ஓர் இலை. பரிமாறுகிறவர் கையில் இருக்கும் சாம்பார் வாளி, ப்ளேயருக்குள் இருக்கும் சிறு நினைவுத் தேக்கம். அதன் அளவு 18,35,008 பிட், அதாவது 224 கிலோபைட் என்று எம்பெக்-2 நியதி வரையறுத்திருக்கிறது. சமையற்கட்டிலிருந்து வாளிக்குள் விநாடிக்கு 9.8 மெகாபிட்டுக்குமேல் ஊற்ற முடியாது; படத்துக்கு டிவிடி விதித்த உச்சவேகம் அது. வாளி நிரம்பினால் ஊற்றுவது நிற்கும். வாளி வறண்டாலோ, அடுத்த இலைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, திரையில் படம் திக்கி நிற்கும்.

இந்தப் பந்தியில் இன்னொரு விசேஷம் உண்டு. பெரும்பாலான இலைகள் தமக்கென்று தனியாக ஒன்றும் கேட்பதில்லை. முந்தைய இலையில் இருப்பதே தமக்கும் போதுமென்று சொல்லி, வேறுபட்டதை மாத்திரம் வாங்கிக்கொள்கின்றன. மேடையில் அசையாமல் அமர்ந்து வாசிக்கும் நாதஸ்வர வித்துவானை முக்காலியில் நிறுத்திய கேமரா எடுத்திருந்தால், விரல்களும் கன்னங்களுமே மாறுகின்றன. வாளியில் பாதிகூடக் குறையாது. கெட்டிமேளம் முழங்கி அட்சதை விழும் கணத்தில் நிலைமை தலைகீழாகிறது. நூற்றுக்கணக்கான அரிசி மணிகள் தத்தம் வழியே பறக்கின்றன. ஃப்ளாஷ் வெளிச்சம் ஒரு சட்டத்தை வெளுக்கச் செய்து அடுத்த சட்டத்தை இருளச் செய்கிறது. முந்தைய இலையைப் பார்த்துப் பரிமாற வழியில்லை. அப்போது சட்டத்துக்கு 80 கிலோபைட் தேவையாயின் விநாடிக்கு 16 மெகாபிட் செலவாகும், வரத்தோ 9.8. நிரம்பியிருந்த வாளிகூட விநாடியில் பத்தில் மூன்று பங்குக்குள், ஏழெட்டு இலைகளிலேயே காலியாகிவிடும்.

ஆகவே சுருக்கும் மென்பொருள், அட்சதை விழப்போவதை முன்னதாகவே அறிந்து, அதற்கு முந்தைய காட்சிகளில் சிக்கனமாக இருந்து, வாளி ததும்ப அந்தக் கணத்தை எதிர்கொள்ள வேண்டும். அதுவும் போதாதபோது மணிகளின் நுண்மையைச் சற்று மழுக்கித்தான் சமாளிக்க வேண்டும். இதற்காகவே அது படத்தை இருமுறை ஓட்டுகிறது. முதல் ஓட்டத்தில் ஒன்றும் பரிமாறாமல் பந்தியைச் சுற்றி வந்து, எந்த இலைக்கு எவ்வளவு பசி என்று குறித்துக்கொள்ளும். இரண்டாம் ஓட்டத்தில் உக்கிராணத்தின் மொத்த இருப்பையும் அந்தக் குறிப்பின்படி பங்கிடும். மூன்று மணி நேரத்தின் கடைசிச் சட்டம் வரைக்கும் எண்ணி, முதல் சட்டத்தின் பங்கை நிர்ணயிக்கும் இந்தத் தீர்க்கதரிசனத்தை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

டிவிடியின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டோஷிபா ஒரு பக்கமும் சோனியும் பிலிப்ஸும் மறுபக்கமுமாக நின்றதும், கணினி நிறுவனங்களின் வற்புறுத்தலால் 1995-இல் சமரசம் ஏற்பட்டதும், 1996 நவம்பரில் ஜப்பானில் டிவிடி விற்பனைக்கு வந்ததும் வியாபார விருத்தாந்தம். அதைவிட நினைவில் வைக்கத் தக்கது, ஒவ்வொரு சட்டத்தையும் எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக்கிச் சுருக்கும் கணித முறையை, பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974-இல் பிரசுரித்தார்கள் என்பது. 1972-இல் அகமது இதற்குப் பொருளுதவி கேட்டபோது அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனம் மறுத்துவிட்டது.

'ஒரே சொடுக்கில், தரம் சிறிதும் குன்றாமல்' என்று விற்கப்படும் மென்பொருள்களின் வாக்குறுதியை வாசகர்கள் நம்ப வேண்டாம். கோப்பு ஏற்கெனவே டிவிடியின் நியதிப்படி அமைந்த எம்பெக்-2 ஆக இருந்தாலொழிய, மறுபடி சுருக்கும்போது சேதம் நேர்ந்தே தீரும். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட கைப்பேசிப் படம் டிவிடியில் சரியாக ஐந்தில் ஒரு பங்காகக் குறைகிறது. 'ஹெச்டி தரத்தில் டிவிடி' என்ற விளம்பரம், இருக்க முடியாத ஒன்றை விலைக்குத் தருவதாகச் சொல்கிறது.

வாசகரின் மூன்று மணி நேரத்தை ஒரே வட்டில் அடைத்தால், ஒலியும் விலாசங்களும் போக, படத்துக்கு விநாடிக்கு 3.2 மெகாபிட்தான் எஞ்சும். அட்சதைக் காட்சியில் கட்டங்கட்டமாகத் தெரியும். இரண்டு வட்டுகளாக்கினால் ஆறரை மெகாபிட்டுக்குக் குறையாது, அதையே செய்யட்டும். பிறந்தநாள் காட்சி 4-க்கு 3 என்ற பழைய விகிதத்திலும் மற்றவை 16-க்கு 9 என்ற விகிதத்திலும் இருப்பதால், ஒரே தலைப்புத் தொகுதியில் இவற்றைச் சேர்க்க நியதி இடந்தராது; தனித் தொகுதியாக வைக்க வேண்டும். ஒலி யாவும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு மாற வேண்டும். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்த துண்டுகள் திரையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நிரப்பாமல், இரு பக்கமும் கறுத்த பட்டைகளோடுதான் வரும். விநாடிக்கு 30 சட்டமாக எடுத்தவற்றில் ஐந்து சட்டங்கள் கழிக்கப்படுவதால், நடப்பவர்களின் நடையில் சிறு துள்ளல் தெரியும். விலையின்றிக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் இருமுறை ஓட்டிச் சுருக்கித் தரும்; டிவிடி ஆத்தர் அதை வட்டுக்குரிய கோப்புகளாக அடுக்கித் தரும். படத்தின் உச்சவேகத்தை மட்டும் 9.8 என்று வைக்காமல் 8 மெகாபிட்டில் நிறுத்திவிடுவது நல்லது. படமும் ஒலியும் சேர்ந்து 10.08-ஐத் தாண்டலாகாது, வீட்டில் எழுதிய வட்டைப் பழைய ப்ளேயர்கள் அந்த எல்லைக்கு அருகே சிரமப்பட்டே வாசிக்கின்றன.