பொறி மாற்றமும் பொருட்சிக்கனமும்

மாணவர்களே! ஏரின் கொழு தேய்ந்தால் உழவர் ஏரையே எறிந்துவிடுவதில்லை. கொழுவை மட்டும் மாற்றிக்கொள்கின்றனர். வண்டியின் அச்சு முறிந்தால் வேறோர் அச்சினைப் பூட்டுகின்றனர். பழுதுற்ற உறுப்பை மாற்றிப் பொருளைக் காத்துக்கொள்ளுதல் நம் முன்னோர் கைக்கொண்ட சிக்கன நெறியாகும். மோட்டார் வண்டியின் உயிர்நிலையாகிய பொறியையும் அவ்வாறே மாற்றலாமோ? மாற்றினால் எரிபொருட்செலவு குறையுமோ? நாள்தோறும் அலுவலுக்குச் சென்று திரும்பும் ஒருவர், அவ்வண்டியை நம்பி வீட்டைவிட்டுப் புறப்படலாமோ? இவ்வினாக்களை ஈண்டு ஆராய்வோம்.

இவற்றிற்கு விடை காண ஏற்றதொரு வண்டி நம் நாட்டின் அம்பாசடர். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை அடியொற்றி, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் மேற்கு வங்காளத்து உத்தரபாராவில் 1950களின் இறுதியில் இதனை ஆக்கத் தொடங்கினர். 2014ஆம் ஆண்டில் அவ்வாக்கம் நின்றது. அரை நூற்றாண்டிற்கு மேலாக வண்டியின் உருவம் பெரிதும் மாறாதிருக்க, பொறி மட்டும் பன்முறை மாறியது. நெடுங்காலம் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள பெட்ரோல் பொறி அதில் இருந்தது. பின்னர் அதே கொள்ளளவுள்ள டீசல் பொறியும், 1990களில் இசுசூ வகைப் பெட்ரோல் பொறியும் வந்தன. தொழிற்சாலை செய்த இம்மாற்றங்களைப் பட்டறைகளும் பின்பற்றின. டீசலின் விலை பெட்ரோலின் விலையினும் மிகக் குறைந்திருந்த காலத்தில், வாடகை வண்டி வைத்திருந்தோர் பலர் பெட்ரோல் பொறியைக் கழற்றிவிட்டு டீசல் பொறியைப் பொருத்திக்கொண்டனர்.

டீசல் பொறி எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவது எங்ஙனம்? பெட்ரோல் பொறியில், காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை உருளையினுள் அழுத்தப்பட்டு, மின்பொறியால் எரிகின்றது. அதனை மிகுதியாக அழுத்தினால், உரிய நேரத்தில் உரிய முறையில் எரியாமல் பொறியைத் தாக்கும். ஆதலின் அழுத்தத்திற்கு ஓர் எல்லை உண்டு. பழைய பொறிகளில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகவே கலவை சுருங்கும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897ஆம் ஆண்டில் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய பொறியிலோ, காற்று மட்டுமே அழுத்தப்படுகின்றது. இக்காலத்து டீசல் பொறிகளில் அது பதினைந்தில் ஒரு பங்கிற்கும் கீழாகச் சுருங்கி, பெரிதும் சூடேறுகின்றது. அச்சூட்டில் தெளிக்கப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கின்றது. அழுத்தம் மிகுதலால் வெப்பத்தின் பெரும்பங்கு வேலையாக மாறுகின்றது. மேலும், ஒரு லிட்டர் டீசலில் அடங்கிய ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மிகுதி.

இனி, வண்டியின் நம்பகத்தன்மையைக் காண்போம். இலக்கணத்தில் நிலைமொழியோடு வருமொழி புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை மாற்றங்கள் நிகழ்தலைக் கற்றிருக்கின்றீர்கள். பழைய வண்டியோடு புதிய பொறி சேருங்காலும் இம்மூன்றும் நிகழும்.

மின்பொறி பிளக்குகளும், கார்புரேட்டரும், அவற்றைச் சார்ந்த மின்கருவிகளும் நீங்குதல் கெடுதலாகும். டீசலை உயர் அழுத்தத்தில் செலுத்தும் பம்பும், எஞ்சிய டீசலைத் தொட்டிக்கு மீட்டும் குழாயும், வலிமை மிக்க மின்கலமும் வந்து சேர்தல் தோன்றலாகும். பிரேக்கை மிதிக்கும்போது வெற்றிடத்தின் துணை கொள்ளும் வண்டியாயின், அவ்வெற்றிடத்தை உண்டாக்கத் தனிப் பம்பும் வேண்டும். பெட்ரோல் பொறி தன் இயல்பிலேயே அளித்து வந்த வெற்றிடத்தை டீசல் பொறி அளிப்பதில்லை. இதனை மறந்தால் பிரேக்கை மிக வன்மையாக மிதித்தாலன்றி வண்டி நில்லாது. உயிர்க்கே ஊறு நேரும். டீசல் பொறி எடை மிக்கதாதலின் முன்புற வில்களை வலிமைப்படுத்துதலும், அது மெதுவாகச் சுழல்வதாதலின் பல்சக்கர விகிதத்தை அதற்கேற்ப அமைத்தலும் திரிதலாகும்.

பொறி மாற்றப்பட்ட வண்டி வழியில் நின்றுவிடுவது பெரும்பாலும் பொறியின் குற்றத்தால் அன்று. புணர்ச்சி சரியாக அமையாமையால்தான். பொறியைத் தாங்கும் ரப்பர் கிழிதல், நீர்க்குழாய் உராய்ந்து துளைபடுதல், மின்கம்பி இணைப்புத் தளர்தல் ஆகியவையே வழக்கமான காரணங்கள். ஒரே குடும்பத்துப் பொறியைத் தேர்ந்தால் இணைப்புகளில் மாற்றம் குறைவு, தொல்லையும் குறைவு. பிற குடும்பத்துப் பொறியாயின், இடைத்தகடு முதலியவற்றைப் பட்டறையிலேயே செய்தல் வேண்டும். அவற்றின் துல்லியம் செய்வோன் கைத்திறனைப் பொறுத்தது.

சிக்கனத்தைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் ஓடியது. பொறி மாற்றிய பின் 15 கிலோமீட்டர் ஓடுகின்றது எனக் கொள்வோம். ஆண்டிற்கு 12,000 கிலோமீட்டர் செல்வோர்க்கு முன்பு 1,200 லிட்டர் தேவை. இப்போது 800 லிட்டர் போதும். எளிமை கருதி இரு எரிபொருளும் லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டால், ஆண்டிற்கு மிச்சம் 40,000 ரூபாய். மாற்றச் செலவு 1,20,000 ரூபாயாயின் மூன்று ஆண்டில் அது மீளும். ஆண்டிற்கு 3,000 கிலோமீட்டரே செல்வோர்க்கோ பன்னிரண்டு ஆண்டுகள் ஆகும். அதற்குள் வண்டியே முதுமையுற்றுவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழி இத்தகையோர்க்கே பொருந்தும்.

இக்கணக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. கியர்ப்பெட்டியோ பல்சக்கர விகிதமோ மாறியிருப்பின், தூரங்காட்டும் கருவி பொய் சொல்லக்கூடும். ஆதலின் நெடுஞ்சாலைக் கற்களோடு அதனை முதலில் ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். அதன்பின் தொட்டியை நிரப்பி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் நிரப்பி, சென்ற தூரத்தை நிரப்பிய அளவால் வகுத்தலே நேரிய முறை.

சட்டத்தையும் மறத்தலாகாது. பொறியின் எண் பதிவுச் சான்றிதழில் பொறிக்கப்பட்டுள்ளது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பதிவு அலுவலரின் இசைவு பெற்றே பொறியை மாற்றுதல் வேண்டும். இசைவின்றி மாற்றினால், விபத்து நேரும் காலத்தில் காப்பீடு பெறுதலும் அரிதாகலாம்.

ஆகவே மாணவர்களே! பொறி மாற்றம் பயன் தருமோ என்று வினவுவார்க்கு ஒரே விடை கூறுதல் இயலாது. நெடுந்தூரம் ஓடும் வண்டி, அதற்கியைந்த பொறி, தேர்ந்த கைவினைஞர், முறையான இசைவு ஆகிய நான்கும் கூடின் அது நன்மை பயக்கும். ஒன்று குறையினும் எரிபொருளில் சேமித்தது பட்டறையில் கரையும். ஓர் உறுப்பை மாற்றக் கருதுவோர் அதனோடு இயைந்த உறுப்புகள் அனைத்தையும் எண்ணிப் பார்த்தல் கடமையாகும். இது மோட்டார் வண்டிக்கு மட்டும் உரிய உண்மை அன்று.