வெள்ளாறு கற்றுத்தரும் மூன்று பாடங்கள்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும் நம் வீடுகளில் நடைபெறும் ஆலோசனை பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் செல்கிறது. மதிப்பெண் மிகுந்தால் மருத்துவம், அடுத்தது பொறியியல், இரண்டும் கைகூடாவிட்டால், "பி.எஸ்ஸி. ஏதாவது ஒன்றில் சேர்த்துவிடுவோம்" என்கிறோம். சபுராளித் தகப்பனாராயின், "ஒரு டிகிரி இருந்தால் போதும், விசாவுக்கு உதவும்" என்று தொலைபேசியிலேயே முடித்துவிடுகிறார்.

'ஏதாவது ஒன்று' என்னும் அச்சொல் குறித்தே இங்குச் சில செய்திகளை உங்கள் முன் வைக்க விழைகிறேன். மக்தபில் என்னிடம் ஓதிய பிள்ளைகள் சிலர் இன்று கல்லூரி விண்ணப்பத்துடன் வந்து நிற்கிறார்கள். நான் கலைப் பட்டதாரி; விஞ்ஞானி அல்லன். எனினும் அவர்களிடம் நான் சொல்வது இது: வேதியல், உயிரியல், கடற்கரை மேலாண்மை ஆகியவை மிச்சம் மீதியான படிப்புகள் அல்ல, நாம் குடிக்கும் நீரையும் குடியிருக்கும் நிலத்தையும் பற்றிய படிப்புகள்.

சேத்தியாத்தோப்புப் பாலத்தின் மீது நின்று கீழே பாருங்கள். சேலத்து மலைப்பகுதியில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் கூடி வெள்ளாறு ஆகின்றன. அது நம்மூர் அணைக்கட்டைக் கடந்து, புவனகிரி வழியே சென்று, பரங்கிப்பேட்டையில் கடலோடு கலக்கிறது. அம்மூன்று பாடங்களும் இந்த ஒரே ஆற்றில் அடங்கியுள்ளன.

முதற்பாடம்: வேதியல்

முதலாண்டு மாணவர் ஆய்வுக்கூடத்தில் பியூரெட்டைக் கையில் எடுக்கிறார். கிணற்று நீர் சிறிதளவில் இரண்டொரு துளி பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்தால் நீர் மஞ்சளாகிறது. அதில் வெள்ளி நைட்ரேட் கரைசலைத் துளித்துளியாக விடுகிறார். நீரிலுள்ள உப்பின் குளோரைடு வெண்மையாய்ப் படிகிறது. அது தீர்ந்த மறுகணமே செங்கல் நிறம் தோன்றுகிறது. எத்தனை மில்லிலிட்டர் செலவாயிற்று என்பதைக் கொண்டு உப்பின் அளவைக் கணக்கிடுகிறார்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி, குடிநீரில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடு இருக்கலாம். வேறு நீருக்கு வழியில்லாவிடில் 1000 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். "தண்ணீர் ஒரு மாதிரியாக இருக்கிறது" என்று வீட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லி வருவதை எண்ணாக மாற்றி, ஊராட்சி அலுவலகத்தின் மேசை மீது வைக்க வல்லது இந்த எளிய சோதனை. முறையீட்டைத் தள்ளிவிடலாம், அளந்த எண்ணை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது.

அருகிலுள்ள நெய்வேலியும் வேதியல் பாடமே. பழுப்பு நிலக்கரி எரியும்போது அதிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்சைடு வாயுவாகிறது; எஞ்சுவது சாம்பல். நிலக்கரிப் படுகையின் அடியில் பேரழுத்தத்துடன் நீர் நிற்பதால், அதை இடைவிடாது இறைத்தால்தான் சுரங்கம் தோண்ட இயலும். அந்நீர் எங்கே செல்கிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று கேட்கத் தெரிந்த பிள்ளைகள் சுற்றுவட்டார ஊர்கள் அனைத்திற்கும் தேவை.

இரண்டாம் பாடம்: உயிரியல்

ஆற்று நீர் கடலைத் தொடும் இடம் கழிமுகம். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கழிமுகத்திலோ மழைக்காலத்தில் ஓர் அளவு, கோடையில் மற்றோர் அளவு. ஒரே நாளிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அளவு மாறும். அம்மாற்றத்தைத் தாங்கும் உயிர்களே அங்கு வாழும். வெண்கண்டல் மரம் மிகையான உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. சேற்றில் காற்று இல்லாமையால் வேர்களை மேல்நோக்கி நீட்டிச் சுவாசிக்கிறது. சுரபுன்னையின் விதை தாய்மரத்திலேயே முளைவிட்டு, அதன்பின் சேற்றில் விழுகிறது. கடலில் பொரிக்கும் இறாலின் குஞ்சுகள் கழிமுகத்துக்குள் வந்து வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. நம் சமையற்கட்டுக்கு வரும் இறாலின் தொட்டில் அந்தச் சேறுதான்.

இதையெல்லாம் கற்பதற்கு அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாற்றின் கரையிலேயே இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா வித்திட்ட அந்நிலையத்துக்கு நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து பயின்றுள்ளனர்; அண்மையில் இருக்கும் நாமோ அதன் வாயிலைக் கண்டதில்லை.

மூன்றாம் பாடம்: கரையைப் பேணுதல்

வேதியலும் உயிரியலும் கற்றபின் எழும் வினா, "இனி என்ன செய்வது?" என்பது. அதற்கு விடை தேடும் படிப்பே கடற்கரை மேலாண்மை.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பில் விரிந்துள்ள பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முற்காலத்தில் அக்காட்டைப் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டினர். வெட்டிய இடங்களில் தரை தாழ்ந்து நீர் தேங்கிற்று. வெயிலில் அது வற்ற, உப்பு மிகுந்து, புதுக்கன்றுகள் தலையெடுக்கவில்லை. காரணம் உப்பு என்பதை வேதியல் காட்டிற்று. எவ்வளவு உப்பில் கன்று பிழைக்கும் என்பதை உயிரியல் சொல்லிற்று. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கிராம மக்களைச் சேர்த்துக்கொண்டு, மீன் முள்ளைப் போன்ற அமைப்பில் வாய்க்கால்கள் வெட்டி, ஏற்றநீர் வந்து போக வழி செய்தனர். காடு திரும்பிற்று.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின், பரங்கிப்பேட்டை மையத்தைச் சேர்ந்த கதிரேசன், இராஜேந்திரன் என்போர் இக்கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்தனர். காடும் மரங்களும் உள்ள இடத்தில் உயிரிழப்புக் குறைவு என்று 2005-இல் எழுதினர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே எண்களை மீண்டும் கணக்கிட்டு, தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவுமே முதன்மைக் காரணங்கள் என்று மறுத்தனர். இவ்விவாதம் கண்டு அறிவியல் மீது ஐயம் கொள்ள வேண்டாம். எண்களைத் திறந்து வைத்து, பிறர் சரிபார்க்க இடம் தருவதே அதன் ஒழுக்கம். இரு சாராரின் முடிவும் நமக்குத் தரும் எச்சரிக்கை ஒன்றே: தாழ்ந்த கரையில், கடலை ஒட்டி வீடு கட்டுதல் ஆபத்து.

அதற்கான சட்டமும் உண்டு. 1991-இல் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, உயர் ஏற்றக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள நிலத்துக்கு விதிகள் வகுத்தது. பின்னர் 2011-லும் 2019-லும் அது மாற்றி எழுதப்பட்டது. கரையோரத்தில் மனையோ வீடோ வாங்குவோர் வழக்கறிஞரிடம் பத்திரத்தைக் காட்டுவதோடு இவ்விதியையும் விசாரித்தறிதல் வேண்டும்.

கிணற்று நீருக்கும் இப்பாடம் பொருந்தும். கடலோர மணலில் நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீட்டர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். மோட்டார் வைத்து இறைத்து மேல்மட்டத்தை அரை மீட்டர் தாழ்த்தினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 20 மீட்டர் ஏறிவிடும். ஒரு தெருவின் பேராசை அடுத்த தலைமுறையின் கிணற்றைக் கெடுப்பது இவ்வாறே.

பெற்றோர் கவனத்திற்கு

விருத்தாசலம் கொளஞ்சியப்பர் அரசு கலைக் கல்லூரி, கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் அறிவியல் பட்ட வகுப்புகள் உள்ளன. தாவரவியலோ விலங்கியலோ எடுப்பவர் வேதியலைத் துணைப்பாடமாகக் கற்க வாய்ப்புண்டா என்று சேரும்போதே கேளுங்கள். கடல் உயிரியலைப் பட்டத்துக்குப் பின் தொடரலாம். அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியருக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. அத்தகைய உதவிகளுக்கு இப்போதைய விதி என்ன என்பதையும் கல்லூரி அலுவலகத்தில் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்படிப்பு முடிந்தவுடன் கைநிறையச் சம்பளம் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. மேற்படிப்பும் பொறுமையும் தேவைப்படும். ஆயினும் நீர்ப்பரிசோதனைக் கூடம், மீன்வளம், மாசுக் கட்டுப்பாடு, ஆசிரியப் பணி என வழிகள் பல உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, தம் ஊர்த் தண்ணீரைத் தாமே அளந்து பேசக்கூடிய ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார். உங்கள் மகளோ மகனோ இப்பாடத்தை விரும்பிக் கேட்டால், வேறு வழியில்லாமல் தலையசைக்காதீர்கள், மகிழ்ந்து கையொப்பமிடுங்கள்.