நிலாவும் ஜீனோவும்: அறிவியல் நாடகத்தில் அகப்பொருள்

அறிவியற் புனைகதைகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் அவற்றில் வரும் பொறிகளையே எண்ணிக் கணக்கிடுவர். எந்தப் பொறி பின்னாளில் மெய்யாயிற்று, எது பொய்த்தது என்பதே அவர்தம் ஆராய்ச்சி. அவ்வாராய்ச்சி பயனற்றதன்று, எனினும் தொலைக்காட்சித் தொடராக வரும் அறிவியற் கதைக்கு அஃது உரைகல்லாகாது. ஒரு பொறியைக் கண்டு வியக்கும் வியப்பு ஒரு கிழமைக்குமேல் நில்லாது. அடுத்த கிழமையும் பெட்டியின்முன் மக்களை இருத்துவது, இன்னவள் இன்னவனை நம்புவாளோ மாட்டாளோ என்னும் ஐயமே. பழந்தமிழ் இலக்கணிகள் அகப்பொருள் என வகுத்த பகுதிக்கு உரிய செய்தி இது. அண்டவெளிக் கலத்தில் நிகழினும் எந்திர நகரத்தில் நிகழினும் அதன் இயல்பு வேறுபடுவதில்லை.

தமிழில் இதற்கு எடுத்துக்காட்டாக நிற்பது 'என் இனிய இயந்திரா'. இதனை எழுதிய சுஜாதா (1935–2008) இயற்பெயரால் ரங்கராஜன். சுஜாதா என்பது அவர்தம் மனைவியாரின் பெயர். பெங்களூரிலுள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பொறியியலாளராகக் கடமையாற்றியவர். இக்கதை 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது; பின்னர் தூரதர்ஷனில் தமிழ்த் தொடர் நாடகமாக ஒளிபரப்பாயிற்று. இதன் தொடர்ச்சியாக 'மீண்டும் ஜீனோ' என்னும் கதையையும் அவர் எழுதினார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டாருக்குத் தூரதர்ஷன் புதிதன்று. 1982 இல் ரூபவாகினி தொடங்கியபின்னும், கடலுக்கு அப்பாலிருந்து வரும் ஒளிபரப்பைப் பற்றும் பொருட்டு, உயர்ந்த கம்பங்களின் உச்சியில் அன்ரனாவை இந்தியத் திசைநோக்கிக் கட்டுவது இங்கு வழக்கமாயிருந்தது. பண்டத்தரிப்பு, சில்லாலை, மாதகல் எனக் கடலை நோக்கிச் செல்லும் வடமேற்குப் பகுதியில் அக்கரை அண்மையிலேயே உள்ளது. ஆயின் 1990 ஆம் ஆண்டு ஆனியிற் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டில் மின்சாரம் அற்றது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட அவ்வாண்டுகளிலே, குப்பிவிளக்கின் முன்வைத்து வாசித்தற்கு எஞ்சியவை அச்சிட்ட கதைகளே. ஆகவே இவ்வூரில் இக்கதையை அறிந்தோருட் சிலர் திரையிற் கண்டவர்; சிலர் தாளிற் கண்டவர். அவ்வேறுபாடு பின்னர் வேண்டப்படும்.

கதை இருபத்தோராம் நூற்றாண்டின் மூன்றாம் பத்தில் நிகழ்வது; அஃதாவது, எழுதிய காலத்தில் வருங்காலம், இன்று நிகழ்காலம். ஜீவா என்னும் தலைவனின் ஆட்சி. மக்கள் எத்தனை ஆண்டு வாழலாம், யாவர் பிள்ளை பெறலாம் என்பன எல்லாம் அரசின் அனுமதிக்குட்பட்டவை. நிலா என்னும் பெண்ணுக்குப் பிள்ளைப்பேற்றுக்கு அனுமதி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சி அடங்குமுன் அவள் கணவன் சிபி காணாமற் போகிறான். ரவி என்னும் அயலான் அவள் வீட்டிற் குடியேறுகிறான். அவனுடன் வருவது ஜீனோ என்னும் எந்திர நாய். ரவியும் அவன் தோழன் மனோவும் ஜீவாவுக்கெதிராகச் சூழ்ச்சி செய்வோர். பெயர்கள் யாவும் ஈரெழுத்தாற் சுருங்கியிருத்தல் கருதற்பாலது. அன்பின் ஐந்திணையில் தலைமக்களை இயற்பெயர் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியர் விதி. அங்கே பெயரின்மை, உணர்வு எல்லார்க்கும் பொதுவென்பதைக் காட்டும்; இங்கே குறும்பெயர், மனிதர் எண்ணிக்கையாகிவிட்டனர் என்பதைக் காட்டும்.

கணவன் இல்லாத வீடு. அதே கூரையின்கீழ் ஓர் இளைஞன். மேனாட்டுத் தொடராயின் இதன்பின் என்ன நிகழும் என்பதைப் பார்வையாளர் எளிதிற் கூறுவர். மேனாட்டார் இவ்விழுபறியை வளர்த்த முறையும் அறியத் தக்கதே. 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான 'ஸ்டார் ட்ரெக்' தொடரிலே, உணர்ச்சியை அடக்குதலையே அறமெனக் கொண்ட ஸ்பொக் என்னும் அயற்கோளினனைத் தாதி சாப்பல் காதலிக்கிறாள். அவன் பெரும்பாலும் அதனை ஏற்பதில்லை. அகத்திணையார் இதனைக் கைக்கிளை என்பர். அத்தொடரிலே 1967 இல் வந்த ஒரு கதையிற் கலத்தலைவன் கேர்க், கடந்தகாலத்துக்குச் சென்று ஈடித் என்பவளை விரும்புகிறான். அவள் உயிர்பிழைத்தால் உலக வரலாறு பிறழும் என அறிந்து, அவள் இறத்தலைத் தடாது நிற்கிறான். 1993 இல் தொடங்கிய 'எக்ஸ்-கோப்புகள்' தொடரோ வேறு வழி சென்றது. மோல்டரும் ஸ்கலியும் ஆண்டுக்கணக்காக உடனிருந்து உழைப்பர். உள்ளத்திலுள்ளதை வாய்விட்டுக் கூறார். கூறிவிட்டாற் கதையின் இழுவிசை அறுந்துவிடும் என்பதை எழுதினோர் அறிந்திருந்தனர். களவு நீட்டித்தலும், வரைவு தள்ளிப்போதலும், தோழி வரைவு கடாவுதலும் ஆகிய துறைகளாற் சங்கப் புலவர் செய்ததும் இதுவே. மணம் நிகழ்ந்தபின் பாட்டு முடிவதில்லை. ஆயின் அது வேறு பாட்டாகிவிடும்.

நிலாவின் கதையிலே இவ்வழி அடைபட்டிருக்கிறது. அவள் முன்னரே மணந்தவள், கணவன்மேல் அன்புடையவள், அவனைத் தேடுகின்றவள். களவுக்கு இடமில்லை, கற்பின்கண் நிகழும் பிரிவே உண்டு. அப்பிரிவின் நடுவே ரவி நிற்கும் நிலையில், அவள்முன் நிற்கும் வினா அவனைக் காதலிப்பதா என்பதன்று, நம்புவதா என்பது. காதல் இழுபறியின் இடத்தை நம்பிக்கை இழுபறி பிடித்துக்கொண்டது. ஆசிரியர் செய்த சிறந்த செயல் இதுவே எனலாம். எந்திர நாயைப் படைத்தது அதற்கு அடுத்தபடியே.

ஜீனோ யார் பக்கம்? வருகையில் அது ரவியின் உடைமை. தலைவனுடன் வரும் பாங்கனின் இடம் அதற்குரியது. கதை நடக்க நடக்க அது நிலாவின் பக்கம் சாய்கிறது; அவளுக்கு அறிவுரை கூறுகிறது; இடருக்குள் அவளுடன் செல்கிறது. பாங்கனாக வந்தது தோழியாகிறது. அகப்பாட்டில் தோழி செய்வனவற்றை எண்ணிப் பார்ப்போர்க்கு இது விளங்கும். தலைவியின் துயரை ஆற்றுவித்தல், அவள் காணாததைக் காணுதல், புறத்தார் சொல்லை ஐயுற்று ஆராய்தல், வேண்டாதார்க்கு வாயில் மறுத்தல் ஆகிய யாவும் தோழியின் தொழில். தோழிக்கெனத் தனியொரு காதற்கதை இல்லை, ஜீனோவுக்கும் இல்லை. வேறுபாடு ஒன்றுண்டு. தோழி செவிலியின் மகள். பிறப்பிலிருந்தே தலைவியைச் சார்ந்தவள். அவள் அன்பை எவரும் வினவுவதில்லை. ஜீனோவோ எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இயல்பாகக் கிடைத்த நட்பைவிட, ஆராய்ந்து மாறிவந்த நட்பு பார்ப்போர் நெஞ்சை நெருக்குகிறது. சூழ்ச்சிக்காரரான மனிதர் ஒருபுறம், ஆணியும் கம்பியுமான நாய் ஒருபுறம். நிலா நம்பியது நாயை.

இங்கே ஒரு தடை எழும். எந்திரத்துக்கு அன்பேது? தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் தொகையால் வகுக்கிறது. புல்லும் மரமும் ஓரறிவின; எறும்பு மூவறிவினது; விலங்கு ஐயறிவினது; ஆறாவதாகிய மனம் மக்களுக்குரியது. அத்துடன், ஒருசார் விலங்குக்கும் ஆறாமறிவு உண்டென ஒரு விலக்கையும் அது இடம்விட்டுச் செல்கிறது; உரையாசிரியர் கிளி, குரங்கு, யானை முதலியவற்றை உதாரணங் காட்டுவர். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885 இற் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் அச்சேற்றியபோது, உயிரேயில்லாத ஒன்று அவ்விலக்கினுட் புக முயலும் எனக் கனவும் கண்டிரார். ஓரறிவேனும் இல்லாப் பொருள் நேரே ஆறாம் படியில் வந்து நிற்பதே ஜீனோவின் புதுமை.

மேனாட்டாரும் இதனை முயன்றனர். 1987 இல் தொடங்கிய இரண்டாம் 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் டேற்றா என்னும் எந்திர மனிதன் உளன். 1991 இல் வந்த ஒரு கதையில், அவன் ஒரு பெண்ணுடன் பழகுதற்கெனக் காதல் நிரலொன்றைத் தன்னுள் எழுதிக்கொள்கிறான். செய்வன யாவும் முறைப்படி. மெய்ப்பாடு மட்டும் இல்லை. அவள் பிரிந்தபின் அந்நிரலை அழித்துவிட்டுத் தன் பூனையைத் தடவுகிறான். அவ்விறுதிக் காட்சியின் நகைப்பு, எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றேனும் உள்ளிருந்து எழாதவிடத்துக் காதல் நிகழாது என்பதை நன்கு காட்டும்.

இதற்கு மறுதலையாகச் சுஜாதாவும் வசனத்திற் பங்குகொண்ட 'எந்திரன்' திரைப்படம் (2010) அமைந்தது. அங்கே சிட்டி என்னும் எந்திரனுக்கு உணர்ச்சி ஊட்டப்படுகிறது. அவன் தன்னைப் படைத்தவனின் காதலியாகிய சனாவை விரும்புகிறான். அவள் மறுக்கிறாள். முதலில் இது கைக்கிளை; இரங்கத் தக்கது. பின்னர் அவன் அவளை வலிதிற் கவர முனைகையில், காமம் மிக்கு அடர்த்தலைத் தொல்காப்பியர் பெருந்திணைக் குறியாக வைத்தது நினைவுக்கு வரும். திரைப்படம் அத்துணைப் பெரிய ஆரவாரத்துடன் காட்டியதை, ஜீனோவின் கதை தொடவே இல்லை. ஜீனோ நிலாவை அடைய விரும்பவில்லை. அவள் அழியாதிருத்தலை விரும்பியது. எந்திரத்தைத் தலைவனாக்கியவிடத்து வன்முறையும் தோழியாக்கியவிடத்து அன்பும் விளைந்தன என்பது, இரண்டிலும் ஒரே ஆசிரியர் கை இருந்தமையால் மேலும் சுவை பயப்பதாம்.

இனிச் சிபியை நோக்க வேண்டும். இக்கதையை ஆராய்வோர் அவனை எளிதில் மறந்துவிடுவர். பிரிவு நிகழுங் காரணங்களை இலக்கணம் ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனத் தொகுத்துரைக்கிறது. அவை யாவற்றினும் பிரிந்தவன் சென்ற திசை தெரியும். மீளும் பருவம் குறித்துச் செல்வான். பாலைப் பாட்டின் துயரெல்லாம் அக்குறித்த பருவம் வந்தும் அவன் வாராமையாலேயே. சென்றதற்குக் காரணமில்லை, திசையில்லை, பருவமில்லை என்னும் பிரிவுக்கு அவ்விலக்கணத்தில் இடமில்லை. நிலாவின் பிரிவு அத்தகையது. அவள் அலைந்து கேட்குமிடத்தெல்லாம் கணினி விடையளிக்கிறது; விடை கிடைத்தும் தெளிவு கிடைப்பதில்லை.

சென்னையிலோ மதுரையிலோ இருந்து பார்த்தவர்க்கு இஃது ஒரு கதைத்திருப்பம். குடாநாட்டிற் பார்த்தவர்க்கும் வாசித்தவர்க்கும் அவ்வாறன்று. காணாமற் போனோரின் படங்களைக் கையிலேந்தி 2017 ஆம் ஆண்டு மாசியிற் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரத்தில் அமர்ந்த தாய்மாரும் மனைவியரும், நிலாவின் வினாவையே வினாவினர். 2016 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இறந்தார் என்று கூறாமல், காணப்படவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு வழிவகுத்தது. இருப்புக்கும் இறப்புக்கும் நடுவே ஒரு நிலையைச் சட்டம் ஒப்புக்கொண்டது; இலக்கணம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

தாளில் வாசித்தோருக்கும் திரையிற் கண்டோருக்கும் உள்ள வேறுபாடு இவ்விடத்தே புலனாகும். தமிழிலே வினைமுற்று திணையையும் காலத்தையும் தன்னுட் கொண்டே முடியும். நாய் பேசியதை எழுதுவோன் 'என்றது' எனலாம், 'என்றான்' எனலாம்; இரண்டுமின்றி எழுத வழியில்லை. சுஜாதா ஜீனோவை அஃறிணையிலேயே நிறுத்தினார். உவப்பினால் அஃறிணையை உயர்திணையாக்கிக் கூறுதலை நன்னூலார் வழுவமைதி என ஏற்பர். பசுவைத் தாயென அழைப்பதற்கு அங்கே இடமுண்டு. அவ்விடத்தை ஆசிரியர் பயன்படுத்தாமை கருத்துடைத்து. ஜீனோவை அவன் என்றெழுதியிருப்பின் அது மற்றுமோர் ஆணாகி, ரவிக்கு எதிரியாகி, பார்ப்போர் காதற் கணக்குப் பார்க்கத் தொடங்கியிருப்பர். திரைக்கு இச்சங்கடம் இல்லை. அங்கே படம் நகர்கிறது, குரல் ஒலிக்கிறது. திணை கூறும் விகுதி வேண்டுவதில்லை.

காலமும் அவ்வாறே. சிபியைப் பற்றி நிலா வாய் திறக்குந்தோறும், இருக்கிறார் என்பதா, இருந்தார் என்பதா என்னும் தேர்வு அவள் நாவின்மேல் நிற்கிறது. பண்டத்தரிப்பிலும் அயலூர்களிலும், விண்ணப்பப் படிவத்தை நிரப்ப உதவும் எழுத்தாளர் 'கணவர் என்ன தொழில்?' என வினவும்போது, சில பெண்கள் விடையின் வினைமுற்றை விழுங்கிவிட்டு, தச்சுவேலை, கடல்தொழில் என்று பெயர்ச்சொல்லோடு நிறுத்திக்கொள்வர்.