குளிர்ப்பெட்டியில் படியும் உறைபனி

நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் புல்தரை உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடப்பதை அங்குள்ள தேயிலை விவசாயிகள் நன்கறிவர். உறைபனி விழுந்த தோட்டத்தில் கொழுந்து கருகிவிடும். அதே உறைபனி, சமவெளியிலுள்ள நம் அங்கத்தினர்களின் வீடுகளிலும், சமையலறை மூலையில் நிற்கும் குளிர்ப்பெட்டிக்குள் ஆண்டு முழுவதும் விழுந்துகொண்டிருக்கிறது. மலையில் அதனைத் தடுப்பது அரிது. வீட்டிலோ அது நம் கைக்குள் அடங்கிய காரியம். இருந்தும், சங்கக் கடன் பெற்றுத் தவணை முறையில் வாங்கிய பெட்டிகள் பல இந்தப் பனியினாலேயே காலத்துக்கு முன் பழுதாகின்றன.

ஐஸ் கட்டி ஒரு காலத்தில் செல்வர்க்கே உரிய பொருளாக இருந்தது. அமெரிக்க ஏரிகளில் அறுத்தெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொணர்ந்து, சென்னைக் கடற்கரையில் 1842ஆம் ஆண்டளவில் எழுப்பப்பட்ட ஐஸ் ஹவுஸில் சேமித்து விற்றார்கள். அக்கட்டடம் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. இன்று நாம் வேண்டாமென்றாலும் ஐஸ் வீட்டிற்குள்ளேயே வளர்கிறது!

இது எங்கிருந்து வருகிறது? ஐப்பசி, கார்த்திகையில் கஞ்சி போட்ட பாவு தெருவில் காயாமல் நாள் வீணாவதைக் கண்ட நெசவாளருக்கு, காற்றில் நீர் உண்டு என்பதை எடுத்துரைக்க வேண்டியதில்லை. 30 டிகிரி வெப்பமுள்ள காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. பூஜ்ய டிகிரியில் 5 கிராமைக்கூடத் தாங்காது. 18 டிகிரி உறைநிலைக்குக் கீழே சென்றால் அது தாங்குவது ஏறத்தாழ ஒரு கிராமே. கதவைத் திறந்ததும் உள்ளிருக்கும் கனமான குளிர்ந்த காற்று கீழே வழிந்து வெளியேற, அறையின் ஈரக் காற்று மேலே புகுகிறது. அது தாங்கமாட்டாத நீரை, உள்ளே மிகக் குளிர்ந்த இடமான உறைபெட்டியின் அலுமினியத் தகட்டில் இறக்கிவைக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 190 லிட்டர் பெட்டியொன்றில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாதிக் காற்று மாறுகிறதென்றும், வீட்டில் நாளொன்றுக்கு 20 முறை திறக்கிறார்களென்றும் வைத்துக்கொள்வோம். மழைக்காலக் காற்றாக இருந்தால் சுமார் 30 கிராம் நீர் தினமும் உள்ளே சேரும். மூடாமல் வைத்த குழம்பு, ஈரத்தோடு திணித்த கீரைக்கட்டு, சூடு தணியாத பால் ஆகியவை விடும் ஆவி இதற்கு மேற்பட்டது. ஒரு கிராம் நீராவி பனியாக மாறுகையில் ஏறத்தாழ 680 கலோரி வெப்பத்தை வெளியிடுகிறது. அந்த வெப்பத்தையும் கம்ப்ரஸரே சுமந்து வெளியேற்ற வேண்டும்.

இது ஒரு பங்கு நஷ்டமே. பெரிய நஷ்டம் பனி படிந்த பிறகு தொடங்குகிறது. வெப்பத்தைக் கடத்துவதில் பனிக்கட்டி அலுமினியத்தின் நூறில் ஒரு பங்குகூடத் தேறாது. உறைபனியோ காற்றைத் தன்னுள் சிறைப்படுத்தி வைத்திருப்பதால் இன்னும் மோசம். பஞ்சு விளைவிப்போருக்குத் தெரியும், மெத்தையின் கதகதப்பு பஞ்சினிடையே அடைபட்ட காற்றினால் வருவது. குளிர் தரவேண்டிய தகட்டின்மேல் நாமே ஒரு மெத்தையைப் போர்த்தியது போலாகிறது. கீழ்த்தட்டில் பால் புளிக்கிறது; மாவு பொங்குகிறது. வீட்டார் உடனே குமிழைத் திருப்பிக் குளிரைக் கூட்டுகிறார்கள். கம்ப்ரஸர் ஓய்வின்றி ஓடுகிறது, பனி மேலும் தடிக்கிறது, மின்சாரக் கட்டணம் ஏறுகிறது. யூனிட் கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் கட்டண முறையில் இது சிறு தொகையாக நிற்பதில்லை.

குமிழைத் திருப்புவதில் மற்றோர் அபாயமும் உண்டு. பல வீடுகளில் முதியோருக்கான இன்சுலின் குப்பியைப் பெட்டியின் மேல்தட்டில், உறைபெட்டிக்கு அருகிலேயே வைக்கிறார்கள். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து. ஒருமுறை உறைந்துவிட்டால் பின்னர் உருகினாலும் அதன் வீரியத்தை நம்ப முடியாது, எறிந்துவிட வேண்டியதுதான். பார்வைக்குப் பழுதொன்றும் தெரியாமலிருக்கக்கூடும் என்பதே இதில் கொடுமை. போட்ட ஊசி பயனளிக்காமல் சர்க்கரை ஏறுவதற்குக் காரணம் என்னவென்று குடும்பத்தார் அறியவே மாட்டார்கள். நடுத்தட்டில் மூடிய டப்பாவில் வைப்பதே உத்தமம்.

இனிப் பனியை அகற்றும் முறைக்கு வருவோம். ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் குமிழின் நடுவே ஒரு பொத்தான் இருக்கும். பனி கால் அங்குலத் தடிப்பை எட்டுமுன் அதனை அழுத்திவிட்டால் கம்ப்ரஸர் நின்று, பனி உருகி, நீர் பின்புறத் தட்டில் சேரும். பின் இயந்திரம் தானே புறப்படும். இதனை இரவில் செய்வது நலம். ஆனால் மாதக்கணக்கில் கவனியாமல் விட்டுப் பனி பாறையாகிவிட்ட பெட்டிக்கு இப்பொத்தான் போதாது. தட்டு நிரம்பித் தரையெல்லாம் வெள்ளமாகும்.

அத்தகைய பெட்டிக்கு, மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாள் மிகப் பொருத்தமானது. முன்கூட்டியே அறிவிக்கப்படுவதால், முதல் நாளே பாலையும் மாவையும் செலவழித்துவிடலாம். சுவிட்சை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்துவைத்து, பழைய துண்டுகளைக் கீழே பரப்பி, உறைபெட்டிக்குள் ஒரு மடித்த துணியின்மேல் வெந்நீர்ப் பாத்திரத்தை வைத்தால் போதும். நீர் ஆற ஆற மாற்றவேண்டும். பனி தானே தளர்ந்து கையோடு வரும். உபயோகத்திலிருக்கும் இன்சுலினை அதுவரை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம்.

கத்தியை மட்டும் எடுக்கலாகாது. இதனை அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. நெசவாளர் சங்கமொன்றின் தணிக்கையின்போது, ஒழுங்காகத் தவணை செலுத்திவந்த அங்கத்தினர் ஒருவரின் பாக்கி ஏன் நின்றதென்று விசாரித்தேன். ஐஸில் ஒட்டிக்கொண்ட மீன் பொட்டலத்தைக் கத்தியால் நெம்பியிருக்கிறார்கள். தகடு துளைபட்டு, உஸ்ஸென்ற ஓசையோடு வாயு வெளியேறிவிட்டது. தகட்டை மாற்றி வாயு நிரப்பும் செலவு பெட்டியின் விலையில் கணிசமான பங்கு என்று மெக்கானிக் சொல்லவே, அவர் பழுது பார்க்காமலே விட்டுவிட்டார். நான் கண்டபோது அப்பெட்டியில் நூல் கண்டுகளை அடுக்கியிருந்தார்கள். ஓடாத பெட்டிக்கு மாதந்தோறும் பணம் கட்ட யாருக்குத்தான் மனம் வரும்? ஆயினும் கடன் கடன்தான். இரு ஜாமீன்தாரர்களும் கலங்கிப் போயிருந்தனர்.

இப்போது வரும் பெட்டிகள் பலவற்றில் நிரப்பப்படுவது ஆர்-600ஏ என்னும் ஐசோபியூட்டேன். சமையல் வாயுவைப் போலத் தீப்பற்றக்கூடியது. உள்ளே ஒட்டிய தகவல் பட்டையில் இப்பெயரைக் காணலாம். ஆகவே மெழுகுவர்த்தியோ ஹீட்டரோ வைத்துப் பனியை உருக்குவது விபரீதம். துளை விழுந்து வாயு வெளியேறினால் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, அருகில் நெருப்பு மூட்டாமலும் சுவிட்சுகளைத் தொடாமலும் இருக்கவேண்டும்.

பனி உருகிய பின் ஆப்பச் சோடா கலந்த நீரால் உட்புறத்தைத் துடைத்து, நன்கு உலர்த்தி, ஒரு மணி நேரம் வெறுமையாக ஓடவிட்டுப் பின்னரே பொருள்களை அடுக்கவேண்டும். இரட்டைக் கதவுப் பெட்டிகளில் ஹீட்டரும் விசிறியும் சேர்ந்து பனியைத் தாமே நீக்குவதால் இவ்வேலை இல்லை. அவற்றில் பனி கெட்டியாகப் படிந்தால் அது பழுதின் அறிகுறி. மெக்கானிக்கைக் கூப்பிடுவதே முறை.

நீக்கிய பனி பத்தே நாளில் திரும்ப வளர்ந்தால் கதவோரத்து ரப்பர்ப் பட்டையைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி உருவி வந்தால் அவ்விடத்தில் காற்றுப் புகுகிறது என்று பொருள். பல சமயங்களில் மாவும் எண்ணெயும் படிந்த பிசுக்கே காரணமாயிருக்கும். சோப்பு நீரில் நனைத்த துணியால் மடிப்புக்குள் துடைத்தால் சரியாகிவிடும். பட்டை வெடித்திருந்தால் புதிதாக மாற்றுவதற்கு ஆகும் செலவு, தகட்டை மாற்றுவதைக் காட்டிலும் மிகக் குறைவு. பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குச் சென்றால் அளவு தவறாது.