கேபினெட் சின்னது, சாமான் பெரியது

“கேபினெட் சின்னதா இருக்கணும் மாமா. ஆனா உள்ள போற சாமான் எல்லாம் பெரிய சைஸ்தான். அதுல மாத்தமில்ல” என்கிறான் அக்கா மகன். பழைய கம்ப்யூட்டரிலிருந்து முழு அளவு எஸ்எம்பிஎஸ் ஒன்றையும், 158 மி.மீ. உயரமுள்ள டவர் கூலர் ஒன்றையும் கழற்றி வைத்திருக்கிறான். மூன்று ஃபேன் வைத்த கிராபிக்ஸ் கார்டு வாங்கப் பணமும் சேர்த்துவிட்டான். மேசை மேல் அடக்கமாக உட்காரும் ஒரு பெட்டிதான் பாக்கி. கேட்பதில் தப்பொன்றுமில்லை, இன்றைக்கு அப்படிப்பட்ட பெட்டிகள் கிடைக்கவும் செய்கின்றன. ஆனால் படத்தைப் பார்த்து வாங்கும் பொருளல்ல இது. டீயை ஊற்றிக் கொடுத்து, பக்கத்தில் ஒரு அளவு டேப்பையும் வைத்தேன்.

முதலில் லிட்டர் கணக்கு. சின்ன கேபினெட்டுகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் எண்ணெய் டின்னைச் சொல்வதுபோல் லிட்டரில்தான் சொல்வார்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வரும் எண் அது. வழக்கமான டவர் கேபினெட் 40 லிட்டரைத் தாண்டும். 20 லிட்டருக்குக் கீழே இருந்தால் நிஜமாகவே சின்னது. ஆனால் இந்த எண்ணை அப்படியே நம்பிவிடக் கூடாது. கூலர் மாஸ்டரின் என்ஆர்200 கேபினெட்டுக்கு 18.25 லிட்டர் என்பார்கள். கால், திருகு, பின்பக்கத் துருத்தல் எல்லாம் நீக்கிய கணக்கு அது. அவற்றைச் சேர்த்து 376, 185, 292 மி.மீ. என்று பெருக்கிப் பார்த்தால் 20 லிட்டரைத் தாண்டிவிடும். இரண்டுமே பொய்யில்லை. மேசையில் இடம் பிடிக்கப்போவது என்னவோ இரண்டாவது கணக்குதான்.

உள்ளே போகிற சாமான்களையும் இதே லிட்டரில் அளந்து பார்க்கலாம். முழு அளவு ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம், ஆழம் குறைந்தது 140. ஏறக்குறைய 1.8 லிட்டர். என்விடியா தானே வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 4090 கார்டு 304 மி.மீ. நீளம், 137 உயரம், 61 தடிமன். இரண்டரை லிட்டர். காற்றுக் கூலர்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான நொக்டுவா என்எச்-டி15 மட்டும் 4 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்ளும். மூன்றையும் கூட்டினால் எட்டு லிட்டர் சொச்சம்.

“அப்ப பத்து லிட்டர் பெட்டி போதுமே?” என்கிறான்.

போதாது. கார்டு நீளவாக்கில் கிடக்கும், கூலர் செங்குத்தாக நிற்கும், எஸ்எம்பிஎஸ் செங்கல் மாதிரி எங்காவது உட்காரும். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க இவை இட்லித் தட்டுகள் இல்லை. நடுவில் காற்று ஓட வேண்டும், கேபிள் வளைய வேண்டும், திருகு முடுக்கக் கை நுழைய வேண்டும். நாம் விலை கொடுத்து வாங்கும் லிட்டரில் பாதிக்கு மேல் இந்தக் காலி இடம்தான்.

மதர்போர்டில் அதிக நேரம் செலவழிக்கத் தேவையில்லை. இன்டெல் 1995-இல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் போர்டு 305-க்கு 244 மி.மீ. அதையே கீழ்ப்பக்கம் வெட்டி 244-க்கு 244 ஆக்கியது மைக்ரோ ஏடிஎக்ஸ். வியா நிறுவனம் 2001-இல் அறிமுகப்படுத்திய மினி ஐடிஎக்ஸ் 170-க்கு 170. நம் ஆளைப் போல ஒரே ஒரு கிராபிக்ஸ் கார்டு போடுகிறவர்களுக்கு முழு ஏடிஎக்ஸ் போர்டு வெட்டிச் சுமை. மினி ஐடிஎக்ஸ் பார்க்க அழகு, ஆனால் ஒரே ஒரு ஸ்லாட், ரேமுக்கு வழக்கமாக இரண்டே இடம், அதே வசதிக்கு விலையும் கூடுதல். மைக்ரோ ஏடிஎக்ஸ் போதும். “எல்லாம் பெரிய சைஸ்” என்ற சபதத்தில் இந்த ஒன்றை மட்டும் தளர்த்தச் சொன்னேன். உடனே ஒத்துக்கொண்டான். அவன் சபதம் கார்டைப் பற்றியது, போர்டைப் பற்றியதல்ல.

உண்மையில் கேபினெட்டைத் தீர்மானிக்கிறது கார்டும் இல்லை, எஸ்எம்பிஎஸ்தான். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. சின்னப் பெட்டிகளுக்கென்றே எஸ்எஃப்எக்ஸ் என்றொரு அளவு உண்டு: 125 மி.மீ. அகலம், 63.5 உயரம், 100 ஆழம். 0.8 லிட்டருக்குள் அடங்கிவிடும். முழு அளவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒரே ஒரு லிட்டர்தான் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு லிட்டரை எங்கே வைப்பது என்பதில்தான் பெட்டியின் மொத்த வடிவமே மாறிவிடுகிறது.

சில்வர்ஸ்டோன் சுகோ எஸ்ஜி13 என்று ஒரு பெட்டி. பதினொன்றரை லிட்டர்தான், ஆனாலும் முழு அளவு எஸ்எம்பிஎஸ் போடலாம். எப்படி? பிராசஸருக்கு நேர் மேலே அதைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அதனால் கூலருக்கு மிஞ்சுவது 61 மி.மீ. மருமகனின் 158 மி.மீ. கூலருக்கு அங்கே வேலையே இல்லை. கார்டும் 266 மி.மீ.க்கு மேல் போகாது. என்ஆர்200 வேறு வழியில் போகிறது. அங்கே எஸ்எஃப்எக்ஸ் அல்லது அதைவிடக் கொஞ்சம் நீளமான எஸ்எஃப்எக்ஸ்-எல் மட்டும்தான் ஏறும். அவன் கழற்றி வைத்திருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை விற்றுவிட்டு, அதே வாட்டுக்குக் கூடுதல் விலை கொடுத்துப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். வாங்கினாலும் அங்கே கூலர் உயரத்துக்கு எல்லை 155 மி.மீ. மூன்று மி.மீ. வித்தியாசத்தில் அவனுடைய கூலரும் வெளியே நிற்கும். அருமையான கேபினெட்தான், இவனுக்கு உரியதல்ல.

மூன்றாவது வழி, எஸ்எம்பிஎஸ்ஸை முன்பக்கம் கொண்டுபோவது. சின்ன மைக்ரோ ஏடிஎக்ஸ் பெட்டிகளில் இப்போது அதிகம் காண்பது இதைத்தான். ஏசஸ் பிரைம் ஏபி201 அப்படிப்பட்டது. 33 லிட்டர், கூலருக்கு 170 மி.மீ., கார்டுக்கு 338, எஸ்எம்பிஎஸ் ஆழம் 180 வரை. பழைய சாமானை அப்படியே மாட்டலாம்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே என்றேன். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் உச்ச அளவு ஒவ்வொன்றும் தனித்தனியாக உண்மை. எல்லாம் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. எஸ்எம்பிஎஸ் முன்னால் இருக்கிறதென்றால் அதன் ஆழம் கூடக் கூடக் கீழே கார்டின் மூக்குக்கோ, மேலே தண்ணீர்க் கூலரின் ரேடியேட்டருக்கோ இடம் குறையும். மாடுலர் வகை எஸ்எம்பிஎஸ்ஸில் கேபிள் செருகும் முனைகளும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 140 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், கேபிள் வளைந்து திரும்ப மேலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டரும் இப்படித்தான். ‘240’ என்பது அதில் மாட்டும் ஃபேன்களின் அளவு. தண்ணீர்த் தொட்டிகளையும் சேர்த்தால் ரேடியேட்டர் 270 மி.மீ.க்கு மேல் நீளும், ஃபேனோடு சேர்த்துத் தடிமன் ஐந்து சென்டிமீட்டர் வரும். ஆகவே கடைக்குப் போய் “இந்தக் கார்டு போகுமா?” என்று கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். “இந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இந்தக் கூலரும் இருக்கும்போது இந்தக் கார்டு போகுமா?” என்று கேட்க வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் இந்தக் கேள்விக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிற கடைக்காரர் கிடைத்தால், நூறு இருநூறு கூடப் போனாலும் பரவாயில்லை, அவரிடமே வாங்கலாம்.

கார்டுக்கு வருவோம். எல்லோரும் நீளத்தை மட்டும் பார்ப்பார்கள். ஒரே சிப்பில் செய்த கார்டுகளிலேயே நீளம் எக்கச்சக்கமாக மாறும். என்விடியாவின் 4090 கார்டு 304 மி.மீ. என்றேன் அல்லவா, அதே சிப்பில் ஏசஸ் வெளியிட்ட ராக் ஸ்ட்ரிக்ஸ் கார்டு 357 மி.மீ.யைத் தாண்டும், தடிமன் 70. ஏசஸ் கார்டு ஏசஸ்ஸின் ஏபி201-க்குள்ளேயே நுழையாது!

தடிமன் இரண்டாவது. ஸ்லாட்டுகளுக்கு நடுவே 20.32 மி.மீ. இடைவெளி என்பது பழைய கணக்கு. மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்டில் வழக்கமாக நான்கு ஸ்லாட். மூன்று ஸ்லாட் கார்டை மேலே போட்டால் அதன் ஃபேனுக்குக் கீழே ஒரு ஸ்லாட் அளவு வெற்றிடமாவது மிஞ்சும். மூன்றே ஸ்லாட் உள்ள பெட்டியில் அதே கார்டைப் போட்டால் ஃபேன்கள் தரையை முத்தமிட்டுக்கொண்டு சுற்றும். தரையில் துளைகளும் பெட்டிக்கு நல்ல உயரமான கால்களும் இருந்தால்தான் அது மூச்சு விடும்.

பலரும் கோட்டைவிடுவது மூன்றாவதில், அதாவது கார்டின் உயரத்தில். போர்டிலிருந்து பக்கவாட்டு மூடியை நோக்கி நீளும் அளவு அது. 137 மி.மீ. கார்டின் விளிம்பில் மின் கேபிள் செருகினால், அது சுமார் 35 மி.மீ. நேராக வந்த பிறகே வளைய வேண்டும் என்பது 12 வோல்ட் புது இணைப்பானுக்குச் சொல்லப்படும் பரிந்துரை. அகலம் குறைந்த பெட்டியில் மூடியே அந்தக் கேபிளை அழுத்தி வளைத்துவிடும். 2022-இல் 4090 கார்டுகள் சிலவற்றில் இந்த இணைப்பான் உருகியது பெரிய செய்தியானது. முழுசாகச் செருகாததே காரணம் என்றது என்விடியா. மூடி அழுத்திக்கொண்டிருக்கும் பிளக் முழுசாக உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதும் கஷ்டம். இதையெல்லாம் யோசித்துத்தானோ என்னவோ, 2024-இல் சின்னப் பெட்டிக்கேற்ற கார்டுகளுக்கென்று என்விடியா ஓர் அளவுகோல் வெளியிட்டது: நீளம் 304, தடிமன் 50, கேபிள் வளைவையும் சேர்த்து உயரம் 151 மி.மீ. அந்தக் கடைசி எண்ணில் கேபிளையும் சேர்த்தார்களே, அதற்காகவே பாராட்டலாம். கார்டு இன்னும் வாங்கவில்லை என்றால் இந்த வரம்புக்குள் ஒன்றைத் தேடுவது தலைவலியைப் பாதியாகக் குறைக்கும்.

“கார்டைத் திருப்பிப் போர்டுக்கு முதுகுப் பக்கம் வைக்கிறாங்களே, அது?” என்று கேட்டான். ரைசர் கேபிள் போட்டு, போர்டு ஒரு பக்கம் கார்டு ஒரு பக்கம் என்று வைக்கும் முறை அது. டான் ஏ4 என்ற ஜெர்மன் வடிவமைப்பு அந்த வழியில் 7.2 லிட்டருக்குள் 295 மி.மீ. கார்டை அடக்கிப் பெயர் வாங்கியது. கூலருக்குக் கிடைத்த இடம் 48 மி.மீ. ரைசரிலும் கவனம் வேண்டும். பிசிஐஇ மூன்றாம் தலைமுறைக்காகச் செய்த பழைய ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டைப் போட்டால் படம் வராமலோ விட்டுவிட்டு வந்தோ தொல்லை கொடுக்கலாம். பயாஸில் மூன்றாம் தலைமுறைக்கு இறக்கி வைத்தால் சரியாகும். 2021-இல் என்இசட்எக்ஸ்டி நிறுவனம் தன் எச்1 கேபினெட்டைத் திரும்பப் பெற்றதற்கும் ரைசர்தான் காரணம்: அதைப் பெட்டியோடு இணைத்த திருகு ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கும் அபாயம்.

அந்த டான் ஏ4 வடிவமைப்பாளரே பிறகு லியான் லி நிறுவனத்தோடு சேர்ந்து என்ன செய்தார் என்று பார்க்க வேண்டும். 2024-இல் வந்த ஏ3 மைக்ரோ ஏடிஎக்ஸ் கேபினெட்: 26.3 லிட்டர், கூலருக்கு 165 மி.மீ., முழு அளவு எஸ்எம்பிஎஸ், கார்டுக்கு 415 மி.மீ. வரை. ஏழு லிட்டரில் வித்தை காட்டியவரே முழு அளவுச் சாமானுக்கு என்று வந்தபோது 26 லிட்டரில் போய் நின்றார். என் கணக்கும் அதுதான். பழைய எஸ்எம்பிஎஸ், டவர் கூலர், பெரிய கார்டு மூன்றும் வேண்டுமென்றால் 25-லிருந்து 33 லிட்டர். அதற்குக் கீழே இறங்க நினைத்தால் மூன்றில் ஒன்றையாவது கைவிட வேண்டும், கூடவே கொஞ்சம் பணத்தையும்.

இந்த ஊருக்கென்று ஒரு விஷயமும் இருக்கிறது. நாம் பார்க்கும் ரிவ்யூக்களில் பெரும்பாலும் ஏசி அறையில், 20-லிருந்து 25 டிகிரிக்குள் சோதித்திருப்பார்கள். உள்ளே கார்டின் சூடு என்பது அறையின் சூட்டோடு கூட்டிக்கொள்ள வேண்டிய எண். மே மாதச் சென்னையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறை 35 டிகிரியில் நின்றால், ரிவ்யூவில் 70 என்று படித்தது இங்கே 80-ஐ நெருங்கும். ஆகவே கண்ணாடி மூடி வேண்டாம், துளையிட்ட இரும்பு மூடியே நமக்கு நல்லது. உள்ளே வண்ண விளக்கு எரிவதைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் துளை வழியாகவும் தெரியத்தான் செய்கிறது. ஏபி201, ஏ3 இரண்டுமே துளையிட்ட மூடியோடு கிடைப்பவை. அடியில் இரண்டு ஃபேன் வைத்து நேராகக் கார்டுக்குக் காற்றைத் தள்ளினால், விலை அதிகமான ஃபேன்களை முன்னால் அடுக்குவதைவிடப் பலன் கூடும். அடியில் தூசி வலை இருக்கட்டும், அதை மாதம் ஒருமுறை தட்டவும் வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் அட்டையை வெட்டி, கார்டின் நீளம், உயரம், தடிமனுக்கு ஒரு போலிக் கார்டு செய்துகொள்ளச் சொல்லியிருக்கிறேன். கடையில் திறந்து வைத்திருக்கும் கேபினெட்டுக்குள் எஸ்எம்பிஎஸ் இருக்க வேண்டிய இடத்தையும் கணக்கில் கொண்டு அதை வைத்துப் பார்க்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். மாட்டி முடித்த பிறகு, ஏதாவது கனமான கேமை அரைமணி நேரம் மூடியோடு ஓட்டிக் கார்டின் சூட்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு பக்க மூடியைக் கழற்றிவிட்டு அதே கேம், அதே அரைமணி. இரண்டுக்கும் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசம் என்றால் கவலையில்லை. பத்து டிகிரி என்றால் பெட்டிக்குள் காற்று போகவில்லை என்று பொருள். முதலில் பார்க்க வேண்டியது, அடியில் சுருட்டித் திணித்த எஸ்எம்பிஎஸ் கேபிள்களை.