ரவுட்டருக்குள் இத்தனை கதையா? தெரியுமா?

டிவி ஸ்டாண்டில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த ரவுட்டருக்குள் ஒரு பூட்டு மியூசியமே இருக்கிறது, தெரியுமா? பிரவுசரில் 192.168.1.1 என்று தட்டுங்கள். (சில மாடல்களில் எண் மாறும், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரைப் பாருங்கள்.) ‘வயர்லெஸ் செக்யூரிட்டி’யைத் திறந்தால் ஒரு பட்டியல் விரியும். பழைய ரவுட்டர் என்றால் அதில் டபிள்யூ.ஈ.பி. என்ற பெயரும் இருக்கும். அதுதான் 1997-இல் வந்த தாத்தா பூட்டு!

கம்பிவழி இணைப்புக்குச் சமமான பாதுகாப்பு என்று பெயரிலேயே பெருமை பேசிய பூட்டு அது. ஆனால், அனுப்பும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் அது சேர்க்கும் மாறும் எண்ணுக்கு 24 பிட் இடம்தான். மொத்தம் 1,67,77,216 எண்கள். தீர்ந்ததும் பழைய எண்ணே திரும்பி வரும்! 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் இதன் சாவியைத் தோண்டியெடுக்கும் வழியைக் காட்டினார்கள். வங்கிகள் நம்பும் ஆர்.எஸ்.ஏ. குறியாக்கத்தில் நடு எழுத்துக்குச் சொந்தக்காரர் அந்த ஷமீர்தான். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் ஆய்வாளர்கள் இதை 60 விநாடிக்குள் உடைத்தார்கள். ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறங்கக்கூட அவ்வளவு நேரம் போதாது!

இன்னொன்று கேளுங்கள். அதே பட்டியலில் இருக்கும் டபிள்யூ.பி.ஏ.2 பூட்டில் நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டு அப்படியே சாவி ஆவதில்லை. அதோடு உங்கள் வைஃபை பெயரையும் கலந்து, 4,096 முறை திரும்பத் திரும்ப அரைத்துத்தான் சாவி பிறக்கிறது! இரண்டு வீட்டில் ஒரே பாஸ்வேர்டு இருந்தாலும் பெயர் வேறானால் சாவியும் வேறு. திருடர்கள் சும்மா இருப்பார்களா? கம்பெனி வைத்த பொதுவான பெயர்களுக்கு முன்கூட்டியே அரைத்து வைத்த பட்டியல்கள் உண்டு. ஆகவே பெயரை மாற்றுங்கள். ‘பக்கத்து வீட்டுக்குக் கிடையாது’ என்றே வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

பெயரை மறைத்துவிட்டால் பத்திரம் என்று நினைக்கிறீர்களா? ஐயோ! ரவுட்டர் வாயை மூடிக்கொள்ளும், சரி. ஆனால் உங்கள் போன் போகிற இடமெல்லாம், திருவிழாவில் பிள்ளையைத் தொலைத்த அம்மா மாதிரி, அந்தப் பெயரைச் சொல்லிக் கூவக்கூடும்.

எனக்குப் பிடித்த அதிசயம், பாஸ்வேர்டு தட்டாமலே இணைய உதவும் டபிள்யூ.பி.எஸ். பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் 8 இலக்க எண். 10 கோடி வாய்ப்பு என்று தோன்றுகிறதல்லவா? கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆக 1 கோடி. அதுவும் போகட்டும், முதல் 4 இலக்கம் சரியா என்பதை ரவுட்டரே தனியாகச் சொல்லிவிடும்! முதல் பாதிக்கு 10,000, மறு பாதிக்கு 1,000. மொத்தம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். 2011-இல் ஸ்டெஃபான் ஃபீபெக் இதை வெளியிட்டபோது இப்படியும் ஒரு பூட்டா என்று உலகம் வாயைப் பிளந்தது. டபிள்யூ.பி.எஸ்.ஸை இன்றைக்கே அணைத்துவிடுங்கள்.

2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இன்னும் கெட்டி. இணைப்புத் தகவலைப் பதிவுசெய்து கொண்டுபோய் வீட்டில் உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகிக்கும் வேலை அதனிடம் பலிக்காது; ஒவ்வொரு ஊகத்துக்கும் ரவுட்டரிடமே வந்து கேட்க வேண்டும்.

தப்பான பூட்டு வேகத்தையும் விழுங்கும், தெரியுமா? மேல்வீட்டு மாமா 100 எம்.பி. பிளான் போட்டும் வேகம் வரவில்லை என்று மூன்று முறை போன் போட்டுச் சண்டை பிடித்தார். போய்ப் பார்த்தால் டி.கே.ஐ.பி. என்ற பழைய குறியாக்கம்! அதைத் தேர்ந்தெடுத்தால் வைஃபை 54 மெகாபிட்டைத் தாண்டாது. ஏ.ஈ.எஸ். என்று மாற்றிச் சேமித்தேன். மாமா நான்காவது முறை போன் போடவில்லை.